நோட்டின் பின்பக்கம்

ஆட்டோவில் டிரைவர் சீட்டின் ஓரத்தில் பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தேன். தலைக்கு மேலே ஸ்பீக்கர். ஆந்திர எல்லையில் விஜயபுரம் மண்டலத்தில் ஒரு சின்ன ஊர், மாங்காய் சீசன், காலை பதினோரு மணி வெயில். நான் தயாரித்த ஜூஸ் கடை விளம்பரத்தை ஊர் ஊராகப் போட்டுக்கொண்டு போய்க்கொண்டிருந்தோம். சத்தம் சரியாகக் கேட்கிறதா என்று பார்க்கத்தான் நானும் ஏறியிருந்தேன்.

பாட்டு முடிந்து கடையின் முகவரி ஓடிக்கொண்டிருந்தபோது, தாண்டி வந்த வீடொன்றிலிருந்து ஓர் அம்மாள் ஓடி வந்தார். கையில் பாத்திரம் தேய்த்த நுரை அப்படியே இருந்தது. ஒரு கையால் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையை பஸ்ஸை நிறுத்துவதுபோல ஆட்டினார்.

"அண்ணா, பின்னாடி யாரோ ஓடியாந்துகினு கீறாங்க. நிறுத்தட்டா?" என்றார் டிரைவர்.

கண்ணாடியில் பார்த்தேன். யார் என்று தெரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நிறுத்தாத. நீ போ."

அவர் தேசம்மா. என் நண்பன் முனிரத்தினத்தின் அம்மா. அந்தப் பாட்டு அவருக்காக அவர் மகன் எழுதியது. அதிலிருந்து அவருடைய பெயரை எடுத்துவிட்டு ஒரு ஜூஸ் கடையின் பெயரை வைத்தவன் நான்.

இந்தத் தொடரை எழுத ஒப்புக்கொண்ட நாளிலிருந்து இந்த ஒரு காட்சியை அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். "உங்கள் கதை தன்னம்பிக்கை தருகிறது" என்று வாசகர்கள் எழுதும்போதெல்லாம் கூச்சமாக இருக்கிறது. இனியும் தள்ளினால் இதுவரை எழுதியதெல்லாம் பொய்யாகிவிடும்.

மெமரி கார்டும் டிபன் பாக்ஸும்

நானும் முனியும் ஒரே மண்டலம், பக்கத்துப் பக்கத்து ஊர். எங்கள் வீட்டில் வேர்க்கடலை போடுவோம். அவனுக்கு நிலம் கிடையாது. தேசம்மா புத்தூர் பக்கம் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் பழம் நறுக்கும் வேலைக்குப் போய் அவனையும் அவன் அக்காவையும் வளர்த்தார். நாங்கள் இருவரும் டிப்ளமோ முடித்து, ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஒரே கம்பெனியில் ஒரே லைனில் நின்றோம்.

அங்கே எங்களோடு வேலை பார்த்த வடகிழக்குக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது முனியிடம் ஒரு மெமரி கார்டைக் கொடுத்துவிட்டுப் போனார். அது முழுக்க ஹிப்-ஹாப். அமெரிக்கா, பாம்பே, ஷில்லாங், எங்கெங்கோ உள்ளவர்கள் பாடியது. கம்பெனி பஸ்ஸில் ஆளுக்கொரு காதில் இயர்போனை வைத்துக்கொண்டு கேட்போம். பத்து வார்த்தையில் எட்டு புரியாது.

"இவன் இன்னா சொல்றான்னே தெர்ல மோகனு," என்பான் முனி. "ஆனா எவனுக்கும் பயப்படாம சொல்றான் பாரு. அவன் தெரு பேர அவனே சொல்லிக்கிறான். நம்ம தெருவுக்குப் பேரே கெடையாது."

பிறகு போனில் தேடித் தேடிப் படித்தேன். இந்த இசையை ஆரம்பித்தவர்களுக்குக் கம்பெனிக்காரன் யாரும் கதவைத் திறக்கவில்லை. கடன் வாங்கிய ஸ்பீக்கரைத் தெருவில் வைத்துப் பாடினார்கள். பின்னால் வந்தவர்கள், தாங்களே பதிவு செய்து, கார் டிக்கியில் அடுக்கி, தெரு முனையில் நின்று விற்றார்கள். முனிக்குப் பாட்டு பிடித்தது. எனக்கு அந்தக் கார் டிக்கி பிடித்தது.

ஷிப்ட் முடிந்து திரும்பும் பஸ்ஸில் டிபன் பாக்ஸ் மூடியில் நான் தாளம் போடுவேன், முனி பாடுவான். பஸ்ஸில் பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் தெலுங்கு. அதனால் அவன் ஒரு வரி தமிழில் சொன்னால் அடுத்த வரி தெலுங்கில் சொல்வான். முதலில் சொன்னதையே மாற்றிச் சொல்கிற வேலை கிடையாது. தெலுங்குக்குத் தெலுங்கின் சொந்தக் குறும்பு இருக்கும். முன் சீட்டுப் பெண்கள் "ஏம்பா, கொஞ்சம் தூங்க வுடுங்கப்பா" என்று திட்டுவார்கள். அவன் அவர்கள் திட்டியதையே அடுத்த வரியாக்கிப் பாடுவான். திட்டியவர்களே சிரித்துவிடுவார்கள்.

உரிச்சா அழுவே

தொழில் எங்கே தொடங்கியது என்று கேட்டால் ஒரு வெங்காய வண்டியில் என்று சொல்லவேண்டும்.

நகரியில் கஜேந்திரன் என்று ஒருவர் தள்ளுவண்டியில் வெங்காயம் விற்றார். அவருடைய ஸ்பீக்கரில் சளி பிடித்த குரலில் "வெங்காயம், வெங்காயம், உல்லிகட்டலு, உல்லிகட்டலு" என்று நாள் முழுக்க ஒரே ஓலம். ஒரு லீவு நாளில் டீ குடித்துக்கொண்டே முனி அதைக் கேலி செய்து பாடினான்:

*உரிச்சா அழுவே, வெல கேட்டா சிரிப்பே!*

உடனே தெலுங்கில், *கோஸ்தே ஏடுபு, கொண்டே நவ்வு!* நறுக்கினால் அழுகை, வாங்கினால் சிரிப்பு என்று அர்த்தம்.

கஜேந்திரன் தராசைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். அடி விழப்போகிறது என்று நினைத்தேன்.

"இதையே ஒரு பென் டிரைவுல போட்டுக் குடுப்பியாப்பா?" என்றார்.

போட்டுக் கொடுத்தோம். ஒரு வாரத்தில் பக்கத்துப் பூண்டு வண்டிக்காரர் வந்தார். பிறகு பாத்திரக் கடை, பழைய இரும்பு வாங்குபவர், கோரைப்பாய் விற்பவர். எல்லாருக்கும் நாலு வரி, இரண்டு பாஷை. கம்பெனிக்குள் லைனில் நிற்கும்போதெல்லாம் எனக்குக் கார் டிக்கி ஞாபகமாகவே இருந்தது. நமக்கும் யாரும் கதவைத் திறக்கவேண்டியதில்லை. நம் குரல், நம் தெரு, நாமே விற்கலாம். அந்த மெமரி கார்டு இல்லாவிட்டால் இந்தத் துணிச்சல் எனக்கு வந்தே இருக்காது.

வேலையை விட்டேன். முனியையும் விடவைத்தேன்.

என் நைனாவுக்கு விஷயம் தெரிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஊர் ஊரா கூவினு திரியறதுக்காடா டிப்ளமோ படிச்சே?" என்றவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் திருப்பதியில் நாங்கள் பிடித்திருந்த அறைக்கு வேர்க்கடலைத் தொலி மூட்டைகளை டெம்போவில் ஏற்றி அனுப்பினார். வெளிச் சத்தம் உள்ளே வராமலிருக்கச் சுவரெல்லாம் மூட்டை அடுக்கவேண்டும் என்று நான் அம்மாவிடம் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது. சத்தம் நின்றது. பூச்சி வந்தது. முனி ஒவ்வொரு வரியையும் பதிவு செய்து முடித்துத் தும்முவான்.

"ரெண்டு பாஷை ஆடியோஸ்" என்று போர்டு மாட்டினோம்.

நோட்டுக்கு இரண்டு பக்கம்

எங்களிடம் ஒரு நீளமான ரூல்டு நோட்டு இருந்தது. அதில் முனி ஒரு வழக்கம் வைத்திருந்தான். முன்பக்கத்திலிருந்து எழுதினால் அது வண்டிக்கு. நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து எழுதினால் அது எங்களுக்கு, எந்தக் கடைக்கும் போகாது.

ஹிப்-ஹாப்பில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. அடுத்தவன் வாழ்ந்து எழுதிய வரியை நீ எடுக்கக்கூடாது. எடுத்தால் உன்னை யாரும் மதிக்கமாட்டார்கள். இதை எனக்குப் படித்துச் சொன்னது முனி இல்லை. நான்தான் எங்கோ படித்து அவனுக்குச் சொன்னேன். அதைக் கேட்டுத்தான் அவன் நோட்டைத் திருப்பினான்.

முன்பக்கம் மளமளவென்று நிரம்பியது. ரேணிகுண்டா, ஏர்பேடு, புத்தூர் என்று எங்கே போனாலும் ஏதாவது ஒரு வண்டியில் முனியின் குரல் கேட்கும். பின்பக்கம் மெதுவாக நகர்ந்தது. அதில் ஒரே ஒரு பாட்டு. மாங்கூழ் ஃபேக்டரியிலிருந்து வரும் அம்மாவைப் பற்றி. ஆறு மாதமாக எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தான். பல்லவி மட்டும் முடிந்திருந்தது:

*தேசம்மா வந்தா தெருவே மணக்கும்*
*தொட்டதெல்லாம் தித்திக்கும்*

சீசனில் அவர் வேலை முடிந்து வரும்போது உண்மையிலேயே அப்படித்தான் இருக்கும். முடி, புடவை, தூக்குச்சட்டி எல்லாம் மாம்பழ வாசம். கைகள் மட்டும் மாங்காய்ப் பால் பட்டு வெடித்துச் சிவந்து கிடக்கும். அதற்கும் ஒரு வரி எழுதியிருந்தான்: *காசு குடுத்தவன் கூழு குடிச்சான், கை அரிச்சவ கஞ்சி குடிச்சா.* இதை எழுதிய அன்று அவன் தும்மவில்லை. எழுந்து வெளியே போய் வெகுநேரம் நின்றான்.

பல்லவியை மட்டும் ஒரு தடவை மைக்கில் பாடிப் பார்த்தான். கம்ப்யூட்டரில் சேமித்தேன். ஊருக்குப் போனபோது அம்மாவிடமும் ஒரு தடவை பாடிக் காட்டியிருக்கிறான். "என்னடா, பேர் சொல்லிக் கூப்புட்றே பெத்தவள" என்று திட்டிவிட்டு, இன்னொரு தடவை பாடச் சொன்னாராம்.

"இது முடியட்டும் மோகனு. மொத மொதல்ல அம்மாவத்தான் கூட்டியாந்து உக்கார வச்சிப் போடணும்," என்றான். நானும் சரி என்றேன். அது நான் கொடுத்த வாக்கு.

பத்து நிமிஷம்

திருப்பதியில் புதிதாக ஒரு ஜூஸ் கடை திறக்க இருந்தார்கள். எங்களுக்கு வந்த முதல் பெரிய ஆர்டர் அதுதான். பல ஊர்களில் கிளை வரப்போகிறது, எல்லாவற்றுக்கும் நாங்களே என்று பேச்சு. முனி மூன்று தடவை எழுதிப் பாடினான். கடைக்காரர் மூன்றையும் வேண்டாம் என்றார். "காவாலனிபிஞ்சாலி," என்றார் தெலுங்கில். கேட்டதும் குடிக்கத் தோன்றவேண்டுமாம்.

அந்தச் சமயம் பார்த்து முனியின் அக்காவுக்குக் குப்பம் டவுனில் பிரசவம். அவன் போய்விட்டான். கடைத் திறப்புக்கு முதல் நாள் காலை கடைக்காரர் போன் செய்தார். மத்தியானத்துக்குள் தராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்றார்.

நோட்டை எடுத்தேன். முன்பக்கத்தில் ஒன்றும் தேறவில்லை. திருப்பினேன்.

முனிக்குப் போன் போட்டேன். ஒரு ரிங் போனது. அவன் எடுப்பதற்குள் நானே துண்டித்தேன். கேட்டால் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் துண்டித்தேன். அக்காவோடு ஆஸ்பத்திரியில் இருப்பான், தொந்தரவு செய்யவேண்டாம் என்று எனக்கு நானே ஒரு நல்ல காரணமும் சொல்லிக்கொண்டேன்.

வேண்டாம் என்று ஒதுக்கிய மூன்று பதிவுகளிலும் அவன் வாயாலேயே கடையின் பெயர் இருந்தது. அதை வெட்டி எடுத்தேன். பல்லவியில் "தேசம்மா" இருந்த இடத்தில் ஒட்டினேன். கடைப் பெயர் அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவசரத்தில் பழைய பதிவின் மேலேயே சேமித்துவிட்டேன். அவன் குரலில் அந்தப் பெயர் இருந்த ஒரே பதிவு அது.

கடைக்காரர் கேட்டதும் மேஜையைத் தட்டினார். "இதி! இதே!" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதை ஒளிக்கப்போவதில்லை.

முனி திரும்பியதும் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் அவன் அங்கேயே சில வாரம் தங்கினான். போனில் பேசும்போதெல்லாம் நாக்கு நுனிவரை வரும், விழுங்கிவிடுவேன். அதற்குள் விளம்பர ஆட்டோ புத்தூர் தாண்டி, நகரி தாண்டி, எங்கள் ஊர்ப் பக்கமே போய்விட்டது. தேசம்மா ஓடி வந்தது அப்போதுதான்.

முனி வந்தான்

இரண்டு நாள் கழித்து முனி அறைக்கு வந்தான். செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றான்.

"அம்மா போன் பண்ணாங்க," என்றான்.

நான் பேச ஆரம்பித்தேன். அவசரம், கடைக்காரர், கிளைகள், நம் இருவருக்கும்தானே என்று என்னென்னவோ சொன்னேன். அவன் முழுக்கக் கேட்டான்.

"நீ என்னைக் கேட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டேன் மோகனு," என்றான். "அதான் நீ கேக்கல."

நோட்டு மேஜைமேல் இருந்தது. எடுத்துக்கொள் என்று நீட்டினேன். அவன் கையை நீட்டவில்லை.

"ரெண்டு பக்கமும் நீயே வச்சிக்கோ."

அவ்வளவுதான். சத்தம் போட்டிருந்தால், இரண்டு அறை கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் குப்பத்துக்கே போய், அக்கா வீட்டோடு தங்கி, கிரானைட் பாலீஷ் போடும் இடத்தில் சூப்பர்வைசர் வேலைக்குச் சேர்ந்தான். அதற்குப் பிறகு பாடியதாக யாரும் சொல்லவில்லை. என் போனை எடுக்கவும் இல்லை.

நான் வளர்ந்தேன். வேறு குரல்கள் கிடைத்தன, மூட்டைகள் போய் நல்ல ஸ்டுடியோ வந்தது. ஆனால் முனியின் பழைய பதிவுகள் பென் டிரைவிலிருந்து பென் டிரைவுக்குத் தாவி இன்னும் சுற்றுகின்றன. காலையில் நான் ஷேவ் செய்யும்போது எங்கள் தெருவில் வெங்காய வண்டி வரும். உரிச்சா அழுவே என்று முனி என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவான்.

மறுபடி அந்தத் தெரு

சில மாதங்களுக்கு முன் திருப்பதியில் ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டார்கள். ஹிப்-ஹாப் கேட்டுத் தொழில் தொடங்கியது எப்படி என்பதுதான் தலைப்பு. மெமரி கார்டு, கார் டிக்கி, சொந்தக் குரல், சொந்தத் தெரு என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். நல்ல கைதட்டல். கடைசியில் ஒரு மாணவி எழுந்து, நான் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்த வரி எது என்று கேட்டாள்.

யோசிக்காமல் வாய் அதைச் சொல்லிவிட்டது. தெருவே மணக்கும் என்றேன். அரங்கமே ஜூஸ் கடையின் பெயரைச் சேர்த்துப் பாடி முடித்தது.

நான் எழுதவில்லை என்று அந்த மேடையில் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் சிரித்துக்கொண்டு இறங்கினேன். மறுநாள் காலை நோட்டை எடுத்துக்கொண்டு விஜயபுரம் பக்கம் பைக்கை விட்டேன்.

தேசம்மா வீட்டில்தான் இருந்தார். இப்போது ஃபேக்டரிக்குப் போவதில்லை. என்னைப் பார்த்ததும் கதவை அடைப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"மோகனா? இன்னாப்பா இப்டி எளச்சிட்டே. துன்னியா?" என்றார்.

தட்டில் சோறு வந்தது. சாப்பிட்டுக்கொண்டே, தலையைத் தூக்காமல், அன்று ஆட்டோவில் நான் இருந்ததைச் சொன்னேன்.

"தெரியும்பா. உன் சட்டைய பாத்தேனே."

"நீங்க திட்டத்தான் ஓடி வர்றீங்கன்னு நெனச்சேன்மா. பயந்துட்டேன். அதான் நிறுத்தல."

அவர் புரியாமல் பார்த்தார்.

"எதுக்குப்பா திட்றேன்? கொட்டாயில பாத்திரம் தேச்சிகினு இருந்தேன். முனி கொரல் கேட்டுச்சி. தெருவே மணக்கும்னு வருது. ஐயோ, நம்ம பாட்டு, மொதல்ல என் பேரு வந்திருக்குமே, கேக்காம வுட்டுட்டமேன்னு ஓடியாந்தேன். நிறுத்தி, மொதல்லேந்து இன்னொரு வாட்டி போடுன்னு கேக்கத்தான். பக்கத்து ஊட்டு ராணியையும் கூப்புட்டேன். அந்த மூலைல திரும்பறச்ச மறுபடி ஆரம்பிச்சிச்சி. அப்பத்தான் கேட்டேன்."

தண்ணீர்ச் சொம்பை என் பக்கம் நகர்த்திவிட்டுக் கேட்டார்.

"பேரு இருக்கறது வச்சிகினு கீறியா உன் போன்ல? போடேன், கேக்கறேன்."

"இல்லமா. அது அழிஞ்சிபோச்சி. நான்தான் அழிச்சேன்."

"ஓ," என்றார்.

கையைக் கழுவிவிட்டு நோட்டைத் திறந்து பின்பக்கத்தைத் திருப்பினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை, வாசித்தேன். தேசம்மா வந்தா தெருவே மணக்கும். என் வாயில் அது கரண்ட் பில் படிப்பதுபோல் இருந்தது. இரண்டாவது வரியில் அவர் என் கையைத் தொட்டு நிறுத்தினார்.

"போதும்பா. முனி சொன்னாதான் அது."

நோட்டை அவரிடம் கொடுத்தேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, டி.வி. மேல் வைத்தார். வர்ற ஞாயிற்றுக்கிழமை முனி வருவதாகச் சொன்னார்.

"நான் வந்து குடுத்தேன்னு சொல்லுங்கமா. மன்னிப்பு கேட்டேன்னும் சொல்லுங்க."

தேசம்மா மறுத்துத் தலையை ஆட்டினார்.

"நீ வந்தேன்னு சொன்னா நோட்ட தொட மாட்டான்பா. ரூமு காலி பண்ணப்ப அவன் பழைய சாமானோட வந்துச்சின்னு சொல்லிக்கறேன். அப்பவாச்சும் எழுதறானா பாப்போம்."

சரி என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தேன்.